சூதாடி கமில்லஸ்

மார்பில் சிவப்புச் சிலுவை துலங்க, நோயாளி ஒருவரைத் தாங்கி நிற்கும் புனித கமில்லஸின் படத்தை, வாசகரே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். யூலை 14 அவருடைய திருநாள். அந்தக் கைகள் நோயாளரைத் தொடுமுன் பல ஆண்டுகள் கடதாசிக் கட்டையும் சூதுக்காய்களையுமே பிடித்திருந்தன என்பதைப் பலர் அறியார்.

இத்தாலியிலுள்ள புக்கியானிக்கோ என்னும் ஊரில் 1550ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை ஜொவான்னி போர்வீரர். வீட்டில் தங்குவது அருமை. அன்னை கமில்லாவோ வயது சென்றபின் பிள்ளை பெற்றவர். மார்பில் சிலுவை அணிந்த சிறுவன் ஒருவன், அதே அடையாளம் தரித்த ஒரு கூட்டத்தை நடத்திச் செல்வதாகப் பிரசவத்திற்குமுன் அவர் கனவு கண்டாராம். பள்ளிக்கு ஒளித்துத் திரிந்த மகனைக் காணக் காண, இவன் கொள்ளைக்கூட்டத் தலைவனாகத்தான் வருவானோ என்று அஞ்சினார். அந்த அச்சம் தீராமலே கண்மூடினார். கமில்லஸுக்கு அப்போது வயது 13.

பின்பு தந்தையோடு படையில் சேரப் புறப்பட்டார். தந்தையும் சூதாடியே. வழியில் இருவரும் நோயுற்றனர், தந்தை இறந்தார். மகனுக்கு எஞ்சியது ஒரு வாளும் குத்துவாளும், காலில் ஆறாத ஒரு புண்ணுமே.

துக்கம் தாளாத வேளையில், பிரான்சிஸ்கன் துறவியர் இருவரைக் கண்ட கமில்லஸ், தானும் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். அச்சபையிலிருந்த மாமன் அவரை ஏற்கவில்லை. நேர்ச்சை மறந்துபோயிற்று. உரோமாபுரியில் சன் யாகோமோ ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டே வேலைக்காரராக இருந்தார். சூதாட்டத்தாலும் சண்டையாலும் அங்கிருந்து நீக்கப்பட்டார். மீண்டும் படை, மீண்டும் சூது. 1574இல் நாப்போலி நகரில் உடுத்த சட்டையையும் தோற்றார் என்பர்.

தந்தையின் மரணம்தான் அவரைக் கெடுத்தது என்று கூறினால் அது முழு உண்மையாகாது. சூது முன்பே கூட இருந்தது. துக்கம் அதற்கு வீட்டைத் திறந்துவிட்டது. உங்கள் உறவினரிலும், ஓர் இழவுக்குப்பின் குடியிலோ சூதிலோ இறங்கி, சத்தியம் செய்து, அதையும் முறித்தவர் இருக்கலாம். அவருக்கு முடிவு எழுதிவிடாதீர்கள். கமில்லஸின் நேர்ச்சையும் பல ஆண்டுகள் முறிந்தே கிடந்தது.

மன்பிரதோனியா நகரில், கோவில் வாசலில் பிச்சைக்காகக் கைநீட்டி நின்றவருக்குக் கப்புச்சின் துறவியரின் கட்டட வேலை கிடைத்தது. கழுதையில் சாமான் ஏற்றி இறக்கும் கூலிவேலை. ஒருநாள் துறவி ஒருவர் அவரோடு மனம்விட்டுப் பேசினார். மறுநாள், 1575 பெப்ரவரி 2ஆம் திகதி, தனிவழியே திரும்புகையில் கழுதையைவிட்டு இறங்கிக் கற்களின்மேல் விழுந்து அழுதார். அப்போது அவருக்கு 24 வயது.

அதன்பின்னும் வழி நேராகவில்லை. கால்புண் காரணமாகக் கப்புச்சின் சபையார் இருமுறை அவரை அனுப்பிவிட்டனர். அவர் போன இடம் எது தெரியுமா? தம்மை வெளியேற்றிய அதே சன் யாகோமோ! இம்முறை நோயாளரின் படுக்கைகளிடையே இரவும் பகலும் நின்றார். நாளடைவில் அந்த ஆஸ்பத்திரியின் மேற்பார்வையாளரானார். கூலிக்கு வேலை செய்தோரின் அசட்டையால் நோயாளர் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, அன்புக்காகவே பணிசெய்யும் சிலரைச் சேர்த்தார். 1584இல் குருவானார். 1586இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் அக்குழுவை அங்கீகரித்து, அங்கியில் சிவப்புச் சிலுவை அணியவும் அனுமதி அளித்தார்.

அன்னை கண்ட கூட்டம் இதுவாயிருந்தது. அதைக் காண அவர் இல்லை.

கால்புண் மட்டும் ஆறவேயில்லை. 1614இல் இறக்குமட்டும் அதைச் சுமந்தார். கடைசிக் காலத்தில் நிற்கவும் முடியாதபோது, தம் படுக்கையைவிட்டுத் தவழ்ந்து சென்று, அடுத்த படுக்கையில் கிடப்பவருக்கு என்ன வேண்டுமென்று கேட்பாராம்.