மயிரிழை பிசகாத அச்சு: குட்டன்பர்க்கின் கதை

நன்றாக அச்சிட்ட புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தாளை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முன்பக்கத்து வரிக்கு நேர் பின்னால் பின்பக்கத்து வரி இருக்கும். மேலே ஏறியும் இருக்காது. கீழே இறங்கியும் இருக்காது.

இது தானாக வருவது அல்ல. இரண்டு பக்கமும் அச்சிட ஒரு தாளை இரண்டு முறை எந்திரத்தில் வைக்க வேண்டும். இரண்டு முறையும் அது ஒரே இடத்தில் உட்கார வேண்டும். இதை அச்சுத் தொழிலில் 'ரிஜிஸ்டர்' என்பார்கள்.

ஐரோப்பாவில் இந்த வேலையை முதலில் செய்து காட்டியவர் ஜோகன் குட்டன்பர்க்.

கண்ணாடி வியாபாரம்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் மைன்ஸ் என்ற நகரம் இருக்கிறது. குட்டன்பர்க் அங்கே சுமார் 1400-ம் ஆண்டில் பிறந்தார்.

பிறகு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ரத்தினக் கற்களுக்கு மெருகிடும் தொழிலைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார். ஆகென் நகருக்கு யாத்திரை போகும் பக்தர்களுக்கு விற்கச் சிறு கண்ணாடிகள் செய்வதற்குக் கூட்டாளிகளையும் சேர்த்தார். ஆனால் யாத்திரை 1439-ல் நடக்கவில்லை. ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று. போட்ட பணம் முடங்கியது.

1448-ல் அவர் மைன்சுக்குத் திரும்பியிருந்தார். கையில் பணம் இல்லை. மனதில் ஒரு பெரிய திட்டம் இருந்தது.

கடன் கொடுத்தவர்

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைப் பெரும்பாலும் கையால்தான் எழுதினார்கள். ஒரு பைபிளை எழுதி முடிக்க ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும்.

தனித் தனி எழுத்தாக உலோகத்தில் வார்த்து, அவற்றைக் கோத்து அச்சிட்டால் என்ன என்று குட்டன்பர்க் எண்ணினார். எழுத்து வார்க்க அச்சு வேண்டும். மை வேண்டும். அழுத்தும் எந்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

ஜோகன் பூஸ்ட் என்ற செல்வர் 1450-ல் 800 பொன் நாணயங்கள் வட்டிக்குக் கொடுத்தார். அது போதவில்லை. 1452-ல் மேலும் 800 கொடுத்தார்.

ஊசி செய்த வேலை

பைபிள் அச்சாகத் தொடங்கியது. கிட்டத்தட்ட 1,300 பக்கம். சுமார் 180 பிரதிகள். ஒரு முறை அழுத்தினால் ஒரு பக்கம்தான் விழும். கணக்குப் போட்டால், எந்திரத்தை இரண்டு லட்சம் தடவைக்கு மேல் அழுத்த வேண்டும்!

தாளை முதலில் தண்ணீரால் ஈரமாக்குவார்கள். ஈரத் தாளில்தான் மை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரத் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் அச்சானதும் தாள் காய்ந்துவிட்டால் அளவு மாறிவிடும். அப்புறம் பின்பக்கத்து வரி சேராது.

தாள் நகர்ந்தாலும் ஆபத்துதான். அதற்குக் குட்டன்பர்க் ஊசிகளைப் பயன்படுத்தினார். தாளை ஊசிகளில் குத்தி வைத்தால் ஓரத்தில் சிறு துளைகள் விழும். மறுபக்கம் அச்சிடும்போது தாளைத் திருப்பி, அதே துளைகளில் மறுபடியும் ஊசிகளை மாட்டினால் போதும். தாள் பழைய இடத்திலேயே உட்காரும்.

ஆரம்பத்தில் நிறைய ஊசிகள் தேவைப்பட்டன. கை பழகிய பிறகு ஊசிகள் குறைந்தன. எஞ்சியிருக்கும் பிரதிகள் சிலவற்றில் அந்தத் துளைகள் இன்றும் தெரிகின்றன.

சிவப்பு மை

தலைப்புகளைச் சிவப்பு மையில் அச்சிடவும் அவர் முயன்றார். கறுப்பு மையில் அச்சான பக்கத்தையே மறுபடியும் எந்திரத்தில் வைத்துச் சிவப்பு எழுத்தைப் பதிக்க வேண்டும். வேலை இரட்டித்தது. சிறிது பிசகினாலும் சிவப்பு எழுத்து கறுப்பு எழுத்தின் மேல் ஏறிவிடும்.

சில பக்கங்களோடு அந்த முயற்சியை நிறுத்தினார். மற்றப் பக்கங்களில் தலைப்புக்கு இடம் விட்டார். பின்னால் அதைக் கையால் எழுதி நிரப்பினார்கள்.

வழக்கு

பைபிள் முடிந்தது. ஆனால் 1455-ல் பூஸ்ட் வழக்குப் போட்டார். அசலும் வட்டியும் சேர்த்து 2,026 நாணயம் கேட்டார். நவம்பர் 6-ந் தேதி பூஸ்ட் சத்தியம் செய்து தம் கணக்கை உறுதிப்படுத்தினார். குட்டன்பர்க் நேரில் வரவில்லை. தம் ஆட்களை அனுப்பினார்.

பட்டறைச் சாமான்களும் அச்சான புத்தகங்களும் பூஸ்ட் கைக்குப் போயின என்பதே வரலாற்று ஆசிரியர்கள் பலரின் முடிவு. பட்டறையில் வேலை செய்த பீட்டர் ஷோபர் என்பவரும் பூஸ்டுடன் சேர்ந்துகொண்டார். பின்னால் பூஸ்டின் மகளையே மணந்தார்.

1457 ஆகஸ்டு 14-ந் தேதியிட்ட சங்கீதப் புத்தகம் ஒன்றைப் பூஸ்டும் ஷோபரும் வெளியிட்டார்கள். அதில் சிவப்பும் நீலமும் கலந்த பெரிய எழுத்துக்கள் அழகாகப் பொருந்தியிருந்தன. எழுத்தையும் அதன் அலங்காரத்தையும் தனித் தனித் துண்டுகளாகச் செய்து, தனித் தனி மை தடவி, ஒன்றுசேர்த்து ஒரே அழுத்தில் அச்சிட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

குட்டன்பர்க் பாதியில் விட்ட வண்ண அச்சு கைகூடிவிட்டது! அவருடைய உழைப்பும் அதில் இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை.

கடைசிக் காலம்

1465-ல் மைன்ஸ் பேராயர் அடால்ப் அவருக்கு ஆண்டுதோறும் உடையும் தானியமும் திராட்சை மதுவும் கிடைக்க ஏற்பாடு செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1468-ல், குட்டன்பர்க் காலமானார். அவரைப் புதைத்த தேவாலயம் பிற்காலத்தில் இடிந்துபோயிற்று. கல்லறை இருந்த இடம் தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது வரைந்த படமும் கிடையாது.

ஆனால் அவர் அச்சிட்ட பைபிள்களில் சுமார் 49 பிரதிகள் உலகில் இருக்கின்றன. அவற்றின் பக்கங்களில் வரிக்கு வரி நேராக நிற்கிறது. செய்கிற வேலையில் மயிரிழைகூடப் பிசகக் கூடாது என்று உழைத்தவருக்கு அதுவே ஞாபகச் சின்னம்.