பெல்ட் இல்லாமல் கற்றவர்



கராத்தே என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது என்ன? கறுப்பு பெல்ட்தான்! நானும் ஒரு வருஷமாகக் கற்று வருகிறேன்; இப்போது மஞ்சள் பெல்ட். புதிதாகச் சேர வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை மாசத்தில் பிளாக் பெல்ட் கிடைக்கும் என்பதுதான். பணம் கட்டினால் சீக்கிரமே பெல்ட் தந்துவிடுகிற இடங்களும் இல்லாமல் இல்லை. அதனால்தான் நவீன கராத்தேயின் தந்தை என்று போற்றப்படும் கிச்சின் ஃபுனாகோஷியின் வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

1868-ல் ஒக்கினாவா தீவில், ஷூரி என்ற ஊரில் பிறந்தவர் ஃபுனாகோஷி. சின்ன வயதில் நோஞ்சான் பிள்ளை. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, டோக்கியோ மருத்துவப் பள்ளிக்குத் தேர்வு எழுதினார், பாஸும் பண்ணினார். ஆனால் சேர முடியவில்லை. காரணம், தலையில் இருந்த குடுமி! குடுமியோடு வந்தால் பள்ளியில் இடமில்லை. குடுமியை எடுக்கக் குடும்பம் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனாலோ என்னவோ, இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

மனம் தளரவில்லை அவர். பள்ளி ஆசிரியரானார். அதற்காகக் குடுமியை எடுத்தபோது வீட்டில் பெரிய ரகளையே நடந்ததாம். பகலில் பாடம் சொல்லிக் கொடுப்பார். ராத்திரியில் மங்கலான விளக்கோடு அசாட்டோ என்ற குருவின் வீட்டுக்கு நடப்பார். அந்தக் காலத்தில் கராத்தேயை ரகசியமாகத்தான் கற்றார்கள். பெல்ட் கிடையாது, பரீட்சை கிடையாது, சான்றிதழும் கிடையாது. கட்டா எனப்படும் அசைவுத் தொகுப்பு ஒன்றையே மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். குருவுக்குத் திருப்தி வந்தால்தான் அடுத்தது. இட்டோசு என்ற இன்னொரு குருவிடமும் கற்றார். டெக்கி என்ற மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்து வருஷம் ஆனதாம்! ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டை ரெண்டு நாள் அரம் போட்டு ராவுவதற்கே நாம் அலுத்துக்கொள்கிறோம்!

1922-ல் தன் 53-வது வயதில், கராத்தேயைச் செய்து காட்ட டோக்கியோ போனார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் பயிற்சிக்கூடத்துக்கு அவரை அழைத்துப் பெருமைப்படுத்தினார். சீக்கிரம் ஊர் திரும்ப நினைத்தவர், கலையைப் பரப்புவதற்காக அங்கேயே தங்கிவிட்டார். கையில் காசில்லை. ஒக்கினாவா மாணவர்கள் தங்கும் விடுதியில் காவல் காத்தார், தோட்டம் பார்த்தார், அறைகளைப் பெருக்கினார். சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்துச் சாப்பாட்டுச் செலவில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். ஒருமுறை பத்திரிகை நிருபர் ஒருவர் வந்து, பெருக்கிக்கொண்டிருந்த இவரிடமே ஃபுனாகோஷி எங்கே என்று விசாரித்திருக்கிறார். இவர் உள்ளே போய், நல்ல உடை மாற்றிக்கொண்டு வந்து நின்றாராம். நிருபர் திகைத்துப் போனார்!

கானோ 1883-லேயே ஜூடோவில் டான் என்ற தரவரிசையைத் தொடங்கியிருந்தார். அந்த முறையைக் கராத்தேக்குக் கொண்டு வந்து, 1924 ஏப்ரலில் தன் மாணவர்கள் ஏழு பேருக்கு முதல் டான் வழங்கினார் ஃபுனாகோஷி. கறுப்பு பெல்ட்டை வழங்கியவர் அதை யாரிடமும் பரீட்சை எழுதி வாங்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்!

இன்றைய முறை இதுதான்: வெள்ளை பெல்ட்டில் தொடங்கி கியூ எண் குறைந்துகொண்டே வரும். தேர்வில் மூன்று பகுதி: குத்து, உதை, தடுப்பு என்ற அடிப்படைகள் கிஹோன், அடுத்து கட்டா, பிறகு எதிராளியோடு மோதும் குமித்தே. ஒன்றாம் கியூவைத் தாண்டினால் ஷோடான், அதாவது கறுப்பு பெல்ட். ஷோடான் என்றால் தொடக்கப் படி என்று அர்த்தம். நாம் முடிவு என்று நினைப்பது அங்கே ஆரம்பம்!

1945-ல் அவருடைய ஷோட்டோகான் பயிற்சிக்கூடம் குண்டுவீச்சில் எரிந்தது. அதே வருஷம் மகன் கிகோ இறந்தார். 1947-ல் மனைவியும் போய்விட்டார். அதற்குப் பிறகும் டோக்கியோ திரும்பி மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1957-ல், 88-வது வயதில் காலமானார்.

நண்பர்களே! என் டிப்ளமா சர்டிஃபிகேட்டை மாட்ட அம்மா இப்பவே சுவரில் இடம் பார்த்து வச்சிருக்காங்க. அது நிச்சயம் அங்கே தொங்கும். ஆனால் நாளைக்கு ஒரு கம்பெனியில் லேத் முன்னால் நிறுத்தினால், சுவரில் தொங்குகிற காகிதமா வந்து ஓட்டும்? நம் கைதானே ஓட்டணும்! டிப்ளமாவும் நமக்கு ஒரு ஷோடான்தான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். பயிற்சி முதலில், பெல்ட் பிறகு!

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு