சொல்லாமல் காத்த இரகசியம்: நிசேபோர் நியெப்ஸ் இழந்த உரிமை

2019 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தென் கொரியாவுக்கு ஏற்றுமதியாகும் மூன்று இரசாயனப் பொருட்கள் மீது ஜப்பான் அரசு கட்டுப்பாடு விதித்தது. அவற்றுள் ஒன்று, கணினிச் சில்லுகளைத் தயாரிக்கப் பயன்படும் ஒளியுணர் பிசின். இரு நாடுகளின் உறவையும் மின்னணுத் தொழிலையும் உலுக்கிய அந்தக் கட்டுப்பாடு 2023 மார்ச்சில்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஒரு பிசினுக்கு இத்தனை அரசியல் வலிமை வந்ததற்குக் காரணம், அதைச் செய்யும் அறிவு ஒருசில நிறுவனங்களின் கையில் இருப்பதும், அந்த அறிவில் பெரும் பகுதி காப்புரிமைகளால் வேலியிடப்பட்டிருப்பதும்தான். ஆனால் ஒளிபட்டு இறுகும் பிசினைக் கொண்டு உருவங்களைப் பதித்த முன்னோடியான பிரெஞ்சுக்காரர் நிசேபோர் நியெப்ஸ், அந்த முறைக்குக் காப்புரிமை எதையும் பெறவில்லை. ஏன் பெறவில்லை என்பதும், அதனால் என்ன இழந்தார் என்பதும் இன்றைய காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ள உதவும்.

முதல் கண்டுபிடிப்பும் முதல் காப்புரிமையும்

நியெப்ஸ் 1765 மார்ச் 7 ஆம் தேதி, பிரான்ஸின் ஷாலோன் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அவரும் அண்ணன் குளோடும் சேர்ந்து, தூள் எரிபொருளை வெடிக்கச்செய்து இயங்கும் ஓர் இயந்திரத்தை உருவாக்கினர். சோன் ஆற்றில் படகொன்றை நீரோட்டத்துக்கு எதிராக அது செலுத்தியது. உள்ளெரி இயந்திரங்களின் மூதாதைகளில் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

அந்த இயந்திரத்துக்கு 1807 ஜூலையில், நெப்போலியனின் கையொப்பத்துடன் 10 ஆண்டுக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் வருமானம் கிடைக்கவில்லை. உரிமைக் காலம் முடியும் தறுவாயில், வேறு வாய்ப்புத் தேடி இங்கிலாந்து சென்ற குளோட், குடும்பச் சொத்தைக் கரைத்தார். கண்டுபிடிப்பை உலகுக்குச் சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்து நின்ற இந்த அனுபவம், இளையவரின் மனதில் எச்சரிக்கையை விதைத்திருக்க வேண்டும்.

தாரில் பதிந்த உருவம்

அந்நாளில் ஐரோப்பாவில் கல்லச்சுக் கலை புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. அதில் ஆர்வம்கொண்ட நியெப்ஸ், கைகளால் வரையாமல் ஒளியைக் கொண்டே படங்களைப் பதிக்க முயன்றார். பல பொருட்களைச் சோதித்த பின், யூதேயா நிலக்கீல் எனப்படும் இயற்கையான தார் அவருக்குக் கைகொடுத்தது.

அதனை லாவெண்டர் எண்ணெயில் கரைத்து உலோகத் தகட்டின் மீது மெல்லிய படலமாகப் பூசினார். எண்ணெய் தடவி ஒளி ஊடுருவும்படி செய்த அச்சுப்படம் ஒன்றை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினார். ஒளிபட்ட தார் இறுகியது. கோடுகளின் நிழலில் இருந்த தார் இறுகாமல் கரைப்பானில் கழுவிப்போனது. பின்னர் அமிலம் இட்டபோது, வெறுமையான இடங்களை மட்டுமே அது அரித்தது. இவ்வாறு 1826 இல் அவர் உருவாக்கிய கர்தினால் தாம்புவாஸ் உருவப்படத் தகட்டிலிருந்து காகிதத்தில் அச்சுப்படிகள் எடுக்கப்பட்டன.

சிலிக்கன் தகட்டில் பிசினைப் பூசி, மறைப்புத் தகட்டின் ஊடாக ஒளியைப் பாய்ச்சி, வேண்டாத பகுதியைக் கழுவி, வெளிப்பட்ட இடத்தை அரிப்பதுதான் இன்றைய சில்லுத் தயாரிப்பிலும் நிகழ்கிறது. பொருட்கள் மாறின, படிகள் மாறவில்லை.

இதே தாரைப் பூசிய தகட்டை ஒளிப்படப் பெட்டியினுள் வைத்து, தம் வீட்டுச் சாளரத்திலிருந்து தெரிந்த காட்சியையும் அவர் 1826 அல்லது 1827 இல் பதித்தார். எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படம் அதுவே.

மூடிய கதவு

1827 இன் பிற்பகுதியில், நோயுற்றிருந்த அண்ணனைக் காண நியெப்ஸ் இங்கிலாந்து சென்றார். அங்கு தாவர ஓவியர் பிரான்சிஸ் பாவரின் ஊக்கத்தால், தம் கண்டுபிடிப்பைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு டிசம்பரில் ஒரு குறிப்பை எழுதினார். ஆனால் செய்முறையை அதில் வெளியிடவில்லை. இரகசியத்தை மறைக்கும் ஒன்றைப் பரிசீலிக்க முடியாது என்பது சங்கத்தின் நிலைப்பாடு. தகடுகளைப் பாவரிடம் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பினார். குளோட் 1828 பிப்ரவரியில் காலமானார்.

கடனும் முதுமையும் நெருக்க, 1829 டிசம்பரில் பாரிஸ் ஓவியர் லூயி டாகேருடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி தம் செய்முறை முழுவதையும் அவரிடம் எழுதிக் கொடுத்தார். ஊரார் அறியாத இரகசியத்தை ஒருவர் மட்டும் அறிந்துகொண்டார். 1833 ஜூலை 5 ஆம் தேதி நியெப்ஸ் திடீரென மறைந்தார்.

வெள்ளித் தகடுகளைக் கருமையாக்க நியெப்ஸ் பயன்படுத்திய அயோடினைக் கொண்டு, டாகேர் வேறொரு விரைவான முறையை உருவாக்கினார். அது டாகேரின் உழைப்புதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அவர் தம் பெயரை மட்டுமே சூட்டினார். நியெப்ஸின் மகன் இசிடோர் வேறு வழியின்றி இணங்கினார். 1839 இல் பிரெஞ்சு அரசு அதனைப் பெற்றுக்கொண்டு, டாகேருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்க், இசிடோருக்கு 4000 பிராங்க் ஓய்வூதியம் வழங்கியது. ஆகஸ்ட் 19 ஆம் தேதி செய்முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பே, டாகேரின் பிரதிநிதி இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

பரிசோதகரின் கேள்விகள்

இன்று ஒளியுணர் பிசினுக்கு விண்ணப்பிப்பவர், அதன் பலபடி எது, ஒளிபட்டதும் அமிலம் வெளியிடும் சேர்மம் எது, கரைப்பான் எது, எவை எந்த விகிதத்தில் என்பதையெல்லாம் எழுத வேண்டியுள்ளது. காப்புரிமைப் பரிசோதகர் பழைய ஆவணங்களைத் தேடி, இது புதியதா, துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்று ஆராய்கிறார். கூடவே மற்றொன்றையும் கேட்கிறார்: எழுதியிருப்பதைப் படித்து இன்னொருவர் இதனைச் செய்ய முடியுமா? முடியாதெனில் உரிமை இல்லை.

காப்புரிமை என்பது சமூகத்துடன் செய்துகொள்ளும் ஓர் உடன்படிக்கை. அறிவைத் தருபவருக்குச் சில காலம் தனியுரிமை. அதன் பின்னர் அது எல்லோருக்கும் சொந்தம். இந்த உடன்படிக்கை செல்வத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை என்பதற்கு நியெப்ஸின் இயந்திரம் சான்று. ஆனால் யார், எப்போது, எதைச் செய்தார் என்ற பதிவை அது தருகிறது. தாரைப் பொறுத்தவரை அந்தப் பதிவை நியெப்ஸ் தமக்கு மறுத்துக்கொண்டார்.

அவர் பாவரிடம் விட்டுச்சென்ற சாளரக் காட்சித் தகட்டை, வரலாற்றாசிரியர் ஹெல்முட் கெர்ன்ஷைம் 1952 இல் தேடிக் கண்டுபிடித்தார். அது இப்போது அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது. நியெப்ஸுக்கு உரிய இடம் மீண்டும் உறுதிப்பட, அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.