யோகாசிரியர் கிருஷ்ணமாசாரியர் சரித்திரம்

யோகம் நம் சமயத்தார்க்குப் புதியதன்று. திருமூல நாயனார் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை வகுத்துரைத்தருளினார். பதஞ்சலி முனிவரைத் தில்லையிலே திருநடனங் கண்டு வழிபட்டவராக நாம் போற்றி வருகின்றோம். ஆயினும், நூல்களிற் கூறிய ஆசனத்தைச் சிறுவர்க்கும் முதியோர்க்கும் நோயாளர்க்கும் எவ்வெவ்வாறு பயிற்றல் வேண்டுமென ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவர் சென்ற நூற்றாண்டிலே விளங்கினார். அவர் ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாசாரியர். அவர் வைணவர். எனினும், ஆசிரியத் தொழில் செய்யும் நாம் அவர் சரித்திரத்தினின்றுங் கற்கத்தக்கது பெரிதாதலின், அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

கிருஷ்ணமாசாரியர் 1888ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆந் தேதி, மைசூர் இராச்சியத்துச் சித்திரதுர்க்கப் பகுதியிலுள்ள முசுகுந்தபுரம் என்னுங் கிராமத்திலே பிறந்தார். யோகத்தின் முதற்பாடத்தைத் தந்தையாரிடமே கேட்டார். இளமையிலேயே அவரை இழந்தார். பின்னர் மைசூரிலும் காசியிலுஞ் சென்று வடமொழி இலக்கணமும் தருக்கமும் வேதாந்தமுங் கற்றுத் தேர்ந்தார். நூற்கல்வியோடு அமையாது, திருக்கயிலைச் சாரலிலே வாழ்ந்த இராமமோகன பிரமசாரி என்பாரை அடைந்து, ஏழரை ஆண்டு அவர்பால் யோகம் பயின்றார் என்பது அவர்தாமே சொல்லிய வரலாறு. கல்வி முற்றியபோது, இல்லறத்தில் நின்று யோகத்தைப் பிறர்க்குப் பயிற்றுமாறு குரு பணித்தனர். அவர் கற்ற கல்விக்கு உயர்ந்த உத்தியோகங்கள் எளிதிற் கிடைத்திருக்கும். குருவின் பணியைத் தலைமேற்கொண்டு அவற்றை நாடாதொழிந்தார். அக்காலத்தில் யோகம் பயிற்றிச் சீவனஞ் செய்தல் அரிதாதலின், சிலகாலங் கோப்பித் தோட்டமொன்றிலே மேற்பார்வை வேலையுஞ் செய்து குடும்பத்தைக் காத்தார்.

மைசூர் மன்னர் நான்காங் கிருஷ்ணராஜ உடையார் இவருடைய புலமையை அறிந்து ஆதரித்தார். 1933இல் ஜகன்மோகன அரண்மனையிலே இவர்க்கென ஒரு யோகசாலை அமைந்தது. 1934இல் இவர் கன்னடத்திலே யோக மகரந்தம் என்னும் நூலை வெளியிட்டார். யோகசாலையிற் பயின்றோர் பெரும்பாலுஞ் சிறுவர். இளமையும் வலியும் வாய்ந்த அவர்களுக்கு, ஓராசனத்தினின்று மற்றோராசனத்துக்கு மூச்சோடியைந்து விரைந்து செல்லும் முறையை இவர் பயிற்றினார். யோகத்தின் பெருமையை நாடறியச் செய்தற்பொருட்டுச் சபைகளிலே அவர்களைக் கொண்டு ஆசனங்களைச் செய்து காட்டுவித்தார். அந்நாளில் இவர் மிகக் கண்டிப்பானவர். மைத்துனராகிய பி. கே. எஸ். ஐயங்கார் நோயால் மெலிந்த சிறுவனாக அங்கு வந்து சேர்ந்தவர். போதிய முன்பயிற்சியின்றிக் கால்களை முற்றும் விரிக்குங் கடின ஆசனமொன்றைச் சபைமுன் செய்யும்படி ஏவப்பட்டுத் தொடைத்தசை கிழிந்து நெடுநாள் வருந்தியதைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படக் கூறியுள்ளார். ஒருவர் பெருமையைச் சொல்லப் புகுங்கால் இத்தகைய செய்தியை மறைத்தல் முறையன்று. மறைப்பின், அவர் பின்னாளில் எய்திய முதிர்ச்சியின் அருமையும் மறைந்துபோம்.

1940இல் மன்னர் காலமாயினார். இந்தியா சுதந்திரம் பெற்றபின் அரண்மனை ஆதரவு குன்றி, 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபதைக் கடந்த வயதிலே கிருஷ்ணமாசாரியர் மீண்டும் பிழைப்புக்கு வழிதேட வேண்டியவராயினார். 1952இல், பக்கவாதத்தால் வருந்திய நியாயவாதி ஒருவர் தமக்குச் சிகிச்சை செய்யும்படி அழைக்க, இவர் சென்னை சென்று அங்கேயே நிலைபெற்றார்.

சென்னையில் இவரைத் தேடி வந்தவர்கள் அரண்மனைச் சிறுவரல்லர். முதுகு நொந்தோர், மூட்டுப் பிடித்தோர், மூச்சுமுட்டு உடையோர், கருவுற்ற பெண்கள், வயது முதிர்ந்தோர் ஆகிய பலர். இவர்களைக் கூட்டமாக நிறுத்தி ஒரே கட்டளையால் நடத்துதல் கூடுமோ? ஆதலின், ஒவ்வொருவரையுந் தனித்தனி இருத்தி, நாடி பார்த்து, வயதும் தொழிலும் உணவும் உறக்கமும் விசாரித்து, மூச்சின் அளவையும் நோக்கி, அதன் பின்னரே பயிற்சியை வகுத்தார். குனிந்து பாதத்தைத் தொடமாட்டாதவர் முழங்காலைச் சற்று மடக்கிக் குனியலாம். தரையில் அமரமாட்டாதவர் நாற்காலியில் இருந்து செய்யலாம். கையை உயர்த்தும்போது மூச்சை உள்வாங்குக, குனியும்போது வெளிவிடுக. மூச்சுத் தடுமாறினால் உடல் தன் எல்லையைக் கடந்ததென்று அறிந்து நிறுத்துக. ஓராசனத்தால் உண்டாகும் இறுக்கத்தை அதற்கு எதிரான எளிய அசைவால் நீக்குக. இவையே அவர் கொண்ட முறையின் சாரம். ஆசனம் உறுதியும் சுகமும் ஒருங்குடையதாதல் வேண்டுமென்ற பதஞ்சலியார் கருத்துக்கு அவர் செய்த செயல்முறை உரை இதுவெனலாம்.

இம்முறை உடற்கூற்று நூலுக்கும் இயைந்ததே. மூட்டுகளில் எலும்பின் நுனியைப் போர்த்திருக்குங் குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அது அழுந்தியும் தளர்ந்தும், சூழ்ந்துள்ள மூட்டுநீரிலிருந்தே போஷணை பெறும். ஆதலால் அசையாதிருத்தல் மூட்டுக்கு நன்றன்று. அளவு கடந்து வருத்துதலும் நன்றன்று. இடுப்பு மூட்டு கிண்ணத்துட் பந்துபோல எப்பக்கமுஞ் சுழல வல்லது. முழங்கால் மூட்டோ பெரும்பாலுங் கதவின் கீல்போல மடங்கி நிமிர்வதற்கே அமைந்தது. பதுமாசனத்திலே பாதத்தைத் தொடைமேல் ஏற்றும்போது சுழல வேண்டியது இடுப்பு. இடுப்பு இறுகியிருக்கப் பாதத்தை வலிந்து இழுப்பின், அம்முறுக்கு முழுவதும் முழங்காலைச் சென்று தாக்கும். இதனை உணராது, மாணாக்கனது முழங்காலைக் கையால் அழுத்தித் தரையிற் படச்செய்யும் ஆசிரியர் நன்மை செய்வதாக எண்ணித் தீமையே செய்கின்றார்.

கிருஷ்ணமாசாரியர் தம் முறையைத் தம்முடம்பிலேயே சோதிக்க நேர்ந்தது. 96ஆம் வயதில் அவர்க்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவர் சத்திரசிகிச்சையை விரும்பாது, படுக்கையிற் கிடந்தபடியே செய்யத்தக்க அசைவுகளையும் மூச்சுப் பயிற்சியையும் தமக்கென வகுத்துக்கொண்டு அவற்றைச் செய்துவந்தார். எலும்பு முறிந்தோர் யாவரும் வைத்தியரைத் தவிர்க்கலாமென்பது இதன் கருத்தன்று. அத்துணிவு அவர்க்கே உரியது. உடலின் நிலை மாறியபோது பயிற்சியையும் மாற்றினாரேயன்றிப் பயிற்சியைக் கைவிட்டாரல்லர் என்பதே நாம் கொள்ளத்தக்கது. நூறாண்டு நிறைந்தபின், 1989ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் தேதி சென்னையிலே தேகவியோகமாயினார்.

அவருடைய மாணாக்கரை நோக்கின் வியப்புண்டாகும். பட்டாபி ஜோயிசு விரைவும் வலிமையும் வேண்டிய முறையைப் பரப்பினார். ஐயங்கார் கட்டையும் கயிறும் நாற்காலியுந் துணையாகக் கொண்டு உறுப்புகளை நேர்நிறுத்தும் முறையை வளர்த்தார். இந்திராதேவி என்னும் ஐரோப்பிய மாதர் அமெரிக்காவரை யோகத்தைக் கொண்டு சென்றார். புதல்வராகிய தேசிகாச்சாரியர் தந்தையார் பெயரால் 1976இல் சென்னையிலே யோக மந்திரம் நிறுவி, ஆளுக்கேற்ற பயிற்சியை வழங்கினார். ஓராசிரியரிடம் பயின்றோர் இங்ஙனம் வேறுபட்டது, அவர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு இயல்பினர்க்கு வெவ்வேறு விதமாகப் பயிற்றியமையாலேயாம்.

இச்சரித்திரம் எம்மூராகிய நெடுங்கேணி போன்ற வன்னிக் கிராமங்களில் ஆசிரியராயிருப்போர்க்கு மிக வேண்டுவது. இங்கே வயலிற் குனிந்து குனிந்து முதுகு தேய்ந்த பெற்றோர் உளர். 2009இல் முடிந்த போரிலே கால் கை இழந்தோரும், உடம்பிற் குண்டுச் சிதறலோடு நடமாடுவோரும் உளர். வெடுக்குநாறி மலையேறி ஆதிலிங்கேசுவரரைத் தரிசிக்க விரும்பியும் முழங்கால் இடங்கொடாமையால் அடிவாரத்தில் நின்றே கைகூப்பும் முதியோர் உளர். இவர்கள்முன் இளைஞனொருவன் உடலை வளைத்துக் காட்டுவதையே யோகமென்று சொல்லின், யோகம் தமக்கில்லையென்று அவர்கள் ஒதுங்கிப்போவர். கையை மூச்சோடு உயர்த்தித் தாழ்த்துவதும் யோகமேயென்று சொல்லின், அவர்களும் நம்மோடு அமர்வர்.

பாடசாலையிலும் இவ்வாறே. தேகாப்பியாச வேளையில் நாற்பது பிள்ளைகள் வரிசையாய் நின்று ஒரே நிலையில் வளைதல் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். அவ்வரிசையிலே ஒரு பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்குமாயின், அதனை ஆசிரியர் கண்டுகொள்ளல் வேண்டும். அப்பிள்ளையை மந்தனென்று இகழாது, அதற்கியன்ற நிலையைக் காட்டிக் கொடுத்தல் வேண்டும். கணக்கிலும் இலக்கணத்திலும் மாணாக்கர் தரமறிந்து கற்பிக்கும் நாம், உடம்பைப் பயிற்றும்போது மட்டும் அதனை மறத்தல் தகாது. உடம்பு சிவபெருமான் எழுந்தருளும் ஆலயமென்பது நம் கொள்கையாயின், ஒவ்வொரு பிள்ளையின் முழங்காலும் அவ்வாலயத்தின் ஒரு தூணே. அதனை இடித்து வழிபாடு செய்வார் இலர். இதனை ஆசிரிய அன்பர்கள் சிந்தித்து நடப்பார்களாக.