பாலாவிக் கரையும் நாவலர் பெருமானும்

மாதோட்டத்துப் பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரத்தைத் தரிசிப்போர் கேதீச்சரநாதரையும் கௌரியம்மையையும் நினைந்து உருகுவர். யான் அவ்விடத்தே நல்லூர் ஆறுமுக நாவலரையும் நினைப்பதுண்டு.

செட்டிகுளத்தவராகிய எங்களுக்குக் கேதீச்சரம் அயற்றலம். அருவியாறு எங்கள் புலத்தைக் கடந்து மன்னார்க் கடலை நாடும். புகையிரதமும் மடு, முருங்கன் வழியே அத்திசைக்கே செல்லும். மகா சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தை முகந்து சென்று, தம் கையாலேயே மகாலிங்கத்துக்கு அபிடேகம் செய்வதைப் பன்முறை கண்டுள்ளேன்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்தைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டிலே இடித்தனர். பின்பு காடு மூடியது. பதிகம் ஓதியவர்களும் இடத்தை மறந்திருந்த காலத்திலே, 1822 டிசெம்பர் 18ஆம் நாள், கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாக நாவலர் பிறந்தார்.

வெசுலியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கத் துணைநின்றார். வேதனமும் மதிப்பும் நிறைந்த அவ்வுத்தியோகத்தை 1848இல் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இல்லறத்தை நாடினாரல்லர். வீடுதோறும் பெற்ற பிடியரிசியும் அவர் கல்விப்பணிக்கு உதவியது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் நல்கியது. சென்னையில் அச்சியந்திரம் வாங்கி, ஏட்டிலிருந்த நூல்களை அச்சேற்றினார். 1864இல் சிதம்பரத்திலும் வித்தியாசாலை கண்டார்.

1872இல், யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரத்திலே, ஊரெங்கும் புதுக்கோயில் எழுப்புவோர் தேவாரம் பெற்ற கேதீச்சரத்தைக் காடாகக் கிடக்க விட்டனரே என்று நொந்து, அதனை மீட்குமாறு சைவரை வேண்டினார். உடனே எதுவும் நிகழவில்லை. அதற்குள் பஞ்சம் வந்தது. 1877இல் நாவலர் பொருள் திரட்டி, கஞ்சித்தொட்டி வைத்து, பசித்தோருக்கு வார்த்தார். கோயிலுக்காக வாதாடிய அதே மனிதர், பசித்த வயிற்றின்முன் அப்பணியைப் பொறுத்திருக்க விட்டார்.

1879 டிசெம்பர் 5ஆம் நாள் நாவலர் சிவபதமடைந்தார். 14 ஆண்டு கழிந்து, 1893இலேதான் அந்நிலம் ஏலத்திலே சைவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு காட்டை வெட்டி அகழ்ந்தபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1903இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1990இல் போர் வழிபாட்டைத் தடுத்தது. மீண்டும் கருங்கல்லால் எழுந்த கோயிலுக்கு 2022இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இவற்றுள் ஒன்றையும் நாவலர் காணவில்லை.

2009இலே எங்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். சோற்றுக்காக அவர்கள் நின்ற வரிசைகளை யான் கண்டவன். பின்னர் அவர்கள் திரும்பிய ஊர்களிலே வீடும் இடிந்திருந்தது, கோயிலும் இடிந்திருந்தது. எதனை முதலிற் கட்டுவது என்று தடுமாறிய எம்மவர்க்கு நாவலர் வாழ்வு ஒரு விடை தருகின்றது. பசித்தவர்க்குக் கஞ்சி இன்றே வேண்டும். கோயிலுக்குரிய சொல்லையும் இன்றே சொல்லிவைக்க வேண்டும். அதனைக் கட்டி முடிக்கும் பேறு நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பினும் வாய்க்கட்டும்.