கூட்டைக் கலைக்காத சகோதரர்கள்

இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்‌ஷயரில் ஸ்வேல்டேல் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அங்குள்ள த்வைட் என்னும் சிற்றூரில், ஆடு வளர்த்து வாழ்ந்த குடும்பமொன்றில் 1862ஆம் ஆண்டு பிறந்தவர் ரிச்சர்ட் கியர்ட்டன். அவருடைய தம்பி செர்ரி கியர்ட்டன் 1871இல் பிறந்தார். பறவைகளைக் கூட்டில் இருந்தவாறே படம் பிடித்து உலகுக்குக் காட்டிய முன்னோடிகள் இவ்விருவரும் ஆவர்.

ரிச்சர்ட் சிறுவனாக இருந்தபோது பறவைக் கூடு தேடி மரத்தில் ஏறினார், கீழே விழுந்தார். இடுப்பு மூட்டு பிசகியது. தக்க மருத்துவம் வாய்க்காமையால் வாழ்நாள் முழுவதும் கால் ஊன்றி நடக்க இடர்ப்பட்டார். ஆயினும் அவர் காட்டை வெறுக்கவில்லை. இளமையில் லண்டன் சென்று காஸெல் பதிப்பகத்தில் பணியில் அமர்ந்தார். பின்னர்த் தம்பியும் அங்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் பறவையை ஆராய்வோர் பலர் கையில் துப்பாக்கியே இருந்தது. சுட்டு வீழ்த்திய பறவையைப் பாடம் செய்து, அதைப் பார்த்து ஓவியம் தீட்டுவர். முட்டைகளைத் திரட்டிப் பெட்டிகளில் அடுக்குவது பலருக்குப் பொழுதுபோக்கு. உயிரைப் போக்காமல் உயிரை அறிய இயலாதா என்ற கேள்விக்கு இச்சகோதரர்கள் காமிராவால் விடை கூறினர்.

1892ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், முட்டைகளோடு கூடிய திரஷ் பறவையின் கூட்டைச் செர்ரி படமெடுத்தார். 1895இல் ரிச்சர்ட் எழுத, செர்ரியின் படங்களோடு, பிரிட்டனின் பறவைக் கூடுகளைப் பற்றிய நூல் வெளிவந்தது. இயற்கையில் எடுத்த புகைப்படங்களையே விளக்கப்படங்களாகக் கொண்ட முதல் நூல்களுள் அது ஒன்றாகும்.

முட்டை அசையாது, குஞ்சு அசையும். இடர் அங்கேதான் தொடங்கிற்று. அந்நாளில் படம் பதிந்தது கண்ணாடித் தகட்டில். அது ஒளியை மெல்லவே ஏற்கும். அடர்ந்த மரநிழலில் ஒளி போதாது. எனவே லென்சை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் தாயைக் கண்ட குஞ்சு வாய் திறந்து தலையாட்டினால் படம் கலங்கிவிடும். இலைகளின் இடையே விழும் வெயில் புள்ளிகளோ ஓரிடத்தை வெளுக்கச் செய்து, மற்றோரிடத்தை இருட்டாக்கும். மெல்லிய மேகம் பரவிய வானமே இதற்கு உகந்தது. கூட்டை மறைக்கும் கிளையை வெட்டினால் ஒளி கிடைக்கும். ஆனால் குஞ்சுகள் வெயிலில் வாடும். காக்கையின் கண்ணிலும் படும். ஆதலால் கிளையை வெட்டாது, கயிற்றால் சற்றே விலக்கிக் கட்டி, படமெடுத்த பின் பழையபடி விடுவதே நன்முறை.

தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைக் கைவிட்டால் குஞ்சுகள் மடியும். அதனைத் தவிர்க்கவே கியர்ட்டன் சகோதரர்கள் மறைவிடங்களை அமைத்தனர். அடிமரம் போன்ற போலிக் கூண்டு, போலி ஆடு, 1900ஆம் ஆண்டளவில் உள்ளே குடைவான மாடு என இவை பலவகைப்பட்டன. உயரத்தில் உள்ள கூட்டுக்காக ஒருவர் தோள்மீது மற்றவர் ஏறி நின்று படமெடுத்ததும் உண்டு.

இவர்களின் முயற்சி வீண் போகவில்லை. 1900இல் ரிச்சர்டைச் சந்தித்த எம்மா டர்னர் என்னும் பெண்மணி தாமும் காமிராவைக் கையிலெடுத்தார். இங்கிலாந்தில் குஞ்சு பொரிப்பதே அற்றுப்போயிற்று எனக் கருதப்பட்ட குருகு இனமொன்றின் குஞ்சை 1911இல் நார்ஃபோக் நாணற்காட்டில் அவர் படமெடுத்தார். அவ்வினம் மீண்டும் அங்கே குஞ்சு பொரித்தது என்பதற்கு அப்படமே சான்றாயிற்று. துப்பாக்கி தந்திருந்தால் அது இறந்த சான்றாகவே இருந்திருக்கும்.

செர்ரி பின்னாளில் ஆப்பிரிக்கா சென்று விலங்குகளைத் திரைப்படமாக்கினார். ரிச்சர்ட் ஊர்தோறும் படம் காட்டி உரையாற்றினார். அண்ணன் 1928இலும், தம்பி 1940இலும் மறைந்தனர்.

இன்று நம் பிள்ளைகள் கையில் நொடியில் படமெடுக்கும் கருவி இருக்கிறது. கருவி விரைந்தது, ஆனால் கூட்டின் முன் காட்ட வேண்டிய பொறுமை மாறவில்லை. தாய்ப்பறவை கலங்கினால் படத்தை விட்டு விலகி வருபவரே நல்ல படக்கலைஞர். வீட்டு முற்றத்தில் குருவி கூடு கட்டும்போது இதனை அவர்களுக்குச் சொல்லித் தருவோம்.