மூவர் தட்டிய கதவு

அச்சன்புதூர்ப் பக்கத்திலே ஒரு பெருமைப் பேச்சு உண்டு. நடவு நட்டுக்கொண்டிருந்தவள் இடுப்புவலி கண்டு வரப்பேறினாளாம். மர நிழலிலே பிள்ளையைப் பெற்றாளாம். மறுவாரமே பிள்ளையை வரப்பிலே தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுக் களை பறிக்க இறங்கினாளாம். வடகரையிலும் பண்பொழியிலும் இதே கதையை வேறொரு பாட்டியின் பேரிலே சொல்வார்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப் பெற்றவர்கள் உண்டு. ஆனால் தோழர்களே, பாட்டி பத்துப் பெற்றாள் என்று மார்தட்டுகிற நாம், அந்தப் பத்தில் எத்தனை தங்கின என்று கேட்டோமா? பாட்டியோடு பிறந்த அக்காள் தங்கையரில் எத்தனை பேர் பேறுகாலத்திலே போனார்கள் என்று விசாரித்தோமா? பிழைத்தவள் கதை சொல்லுவாள். போனவள் வந்து சொல்லப்போகிறாளா?

பழைய இந்தப் பேச்சு இப்போது இயற்கைப் பேறு என்ற புதுப் பெயரோடு வந்திருக்கிறது. ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், டாக்டரே வேண்டாம், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுக்கவும் ஆட்கள் புறப்பட்டார்கள். 2018-ல் திருப்பூரிலே, படித்தவர்கள் வீட்டிலே, கைப்பேசியில் படம் பார்த்துப் பேறு பார்த்ததாகவும், குழந்தை பிழைக்கத் தாய் இரத்தப்போக்கிலே மாண்டதாகவும் நாடெங்கும் பத்திரிகைகள் எழுதின. ஆகவேதான் ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் கதையைச் சொல்லத் தோன்றிற்று. வேலூர் ஆஸ்பத்திரியைக் கேள்விப்படாத தமிழன் இல்லை. அது எதனால் பிறந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது. மூன்று பேறுகாலச் சாவுகளிலே பிறந்தது அது.

அம்மையார் 1870 டிசம்பர் 9-ல் இராணிப்பேட்டையிலே பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கட்டர் நியூயார்க்கிலே வைத்தியத் தொழிலில் இருந்தவர். 1819-ல் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் சென்னைக்கு வந்தார். தந்தையும் டாக்டர், மிஷன் ஊழியர். தாது வருஷப் பஞ்சத்தைச் சின்னஞ்சிறு வயதிலே கண்ணால் பார்த்த பெண் ஐடா. பார்த்ததாலேயே இந்த ஊரே வேண்டாம் என்று எண்ணியவரும் அவர்தான்! வெயில், தூசி, பசி, நோய். இதற்கெல்லாம் நடுவே வாழ்நாளைக் கழிப்பதா? அமெரிக்காவுக்குப் போனார், படித்தார், அங்கேயே நல்லபடி வாழ்வது என்று முடிவு செய்தார். தாயார் உடல்நலம் குன்றியதால் 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பார்ப்பனர். மனைவி சிறு பெண், தலைப்பேறு, பிள்ளை வரவில்லை. ஊர் மருத்துவச்சிகள் தம்மாலானதைச் செய்து கைவிரித்துவிட்டார்கள். இந்தப் பெண் வந்து பார்க்கவேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் தந்தை பெரிய டாக்டர், அவரை அழைத்துப் போங்கள், நானும் கூட வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண்பிள்ளை என் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிப் போய்விட்டார் அவர். சிறிது நேரத்தில் மறுபடி கதவு. இம்முறை ஒரு முஸ்லிம். அதே வேதனை, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவர் மேல்சாதி இந்து. அவரும் அப்படியே. பொழுது விடிந்தபோது சாப்பறை கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார்கள். மூன்று பெண்களும் மாண்டுபோயிருந்தார்கள்.

வெவ்வேறு சாதி, வெவ்வேறு மதம். ஒன்றுக்குள் ஒன்று கொள்வினை கொடுப்பினை கிடையாது, பந்தியிலே சேர்ந்து உண்பதும் கிடையாது. பெண்ணைச் சாகவிடுவதிலே மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள்! அந்தக் கணவன்மார்கள் கொடியவர்களா? இல்லை. நடுநிசியிலே வெள்ளைக்காரர் வீட்டு வாசலுக்கு ஓடிவந்து கெஞ்சியவர்கள் கொடியவர்களாக இருக்கமுடியாது. மனைவி மேல் அன்பு இருந்தது. அன்பைவிடப் பெரிதாக வழக்கம் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். டாக்டரை அழைப்பதா வேண்டாமா என்பதை வாசலிலே நின்ற ஆண்கள் முடிவு செய்தார்கள். உள்ளே பாயிலே கிடந்து துடித்தவளிடம் யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

பாதிரிமார் இந்த இரவைக் கடவுளின் அழைப்பு என்று எழுதினார்கள். அம்மையாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அது அவர் நம்பிக்கை, அதிலே நாம் தலையிட வேண்டியதில்லை. பெண் டாக்டர் இல்லாததால் மூன்று பெண்கள் செத்தார்கள். ஆகவே தான் டாக்டராவது என்று ஓர் இளம் பெண் முடிவு செய்தாள். நமக்கு வேண்டியது இது.

1895-ல் பிலடெல்பியாவிலே பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-ல் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். மருத்துவமனை கட்டப் பணம் திரட்டினார்; ஷெல் என்ற வங்கி முதலாளி தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் தந்தார். 1900-ன் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். தந்தையோ அந்த ஆண்டிலேயே இறந்துபோனார். வயது இருபத்தொன்பது. வீட்டிலேயே ஒரு படுக்கை போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். முதல் இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார் என்பது கணக்கு. 1902-ல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

அந்நாளில் பிள்ளைப்பேறு எப்படி நடந்தது? வேலூரானாலும் அச்சன்புதூரானாலும் ஒன்றுதான். நாவிதர் வீட்டுப் பெண் பேறு பார்ப்பாள். நம் தெற்கத்திப் பக்கம் குடிமகள் என்பார்கள். கூலி, களத்து நெல். பிள்ளை பிறக்கிறவரை அவள் வேண்டும். பிறந்தபின் அவள் தொட்டது தீட்டு! அவளிடம் நல்ல பழக்கங்கள் இருந்தன. வலி கண்டவளை மல்லாத்திப் போடமாட்டாள். நடக்கவைப்பாள், குத்துக்காலிட்டு உட்காரவைப்பாள், முதுகைத் தேய்த்துக் கொடுப்பாள், அவசரப்படமாட்டாள், விட்டுப் போகவுமாட்டாள். பெரும்பாலான பேறுக்கு இது போதும். போதாத பேறு வரும்போதுதான் ஆபத்து. பிள்ளை குறுக்கே கிடந்தால் அவளால் ஒன்றும் செய்யமுடியாது. பிள்ளை பிறந்தும் கருப்பை சுருங்காவிட்டால் இரத்தம் கொட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்திலே உயிர் போய்விடும். கழுவாத கையை உள்ளே விட்டால் மூன்றாம் நாள் காய்ச்சல், அதுவும் சாவு. கொடியை அரிவாளால் அறுத்துச் சாம்பலும் சாணமும் அப்புவது உண்டு. ஏழெட்டு நாளிலே குழந்தை வாய் இறுகி விறைத்துப்போகும். பேய் அடித்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அது பேயல்ல, டெட்டனஸ் கிருமி. குடிமகள் பேரில் குற்றம் சொல்லி என்ன பயன்? அவளுக்கு எழுத்தறிவு கொடுத்தோமா? திண்ணையிலாவது உட்காரவைத்தோமா?

ஆஸ்பத்திரி என்றாலே உயிர் தப்பும் என்பதும் அன்று இல்லை, அதையும் சொல்லவேண்டும். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றிலே டாக்டர்களும் மாணவர்களும், மற்றதிலே மருத்துவச்சிகள். 1846-ல் டாக்டர்கள் வார்டிலே நூற்றுக்குப் பதினொருவர் செத்தார்கள். மருத்துவச்சிகள் வார்டிலே மூன்றுக்கும் குறைவு. டாக்டர்கள் பிணம் அறுத்த கையோடு வந்து பேறு பார்த்ததுதான் காரணம் என்று செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். 1847-ல் குளோரின் கலந்த நீரிலே கை கழுவவைத்தார். சாவு மளமளவென்று இறங்கிற்று. பெரிய டாக்டர்கள் கோபம் கொண்டு அவரை ஒதுக்கினார்கள். 1865-ல் மனநோய் விடுதியிலே இறந்தார். கையிலே சுத்தமும் கல்வியும் இல்லையென்றால் வீடும் கொல்லும், ஆஸ்பத்திரியும் கொல்லும்.

ஐடா அம்மையாருக்கு இது தெரிந்திருந்தது. தாம் ஒருத்தி எத்தனை வீட்டுக்கு ஓடமுடியும்? வாரந்தோறும் குடியாத்தம் போகிற சாலையிலே மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தார். முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார். எத்தனை வேகமாய் ஓடினாலும் ஒரு டாக்டர் ஒரு டாக்டர்தானே! ஆகவே பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்று தீர்மானித்தார். 1909-ல் நர்சுப் பள்ளி தொடங்கினார். 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று மாகாண மருத்துவத் துறையின் தலைமை அதிகாரி சொன்னாராம். வந்த விண்ணப்பங்கள் 151! முதல் அணியிலே பதினான்கு பேர் 1922-ல் தேறி வெளியே வந்தார்கள். பெண்ணுக்கு வைத்தியம் வராது என்றவர்கள் வாயடைத்துப்போனார்கள். பின்னர் எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தாவிட்டால் பள்ளியை மூடவேண்டும் என்ற நிலை வந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய கிழவி அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது.

இன்றைய கணக்குக்கு வருவோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டிலே 99.6 சதவீதப் பேறுகள் ஆஸ்பத்திரிகளில். 2018–20 கணக்கிலே ஒரு லட்சம் பிறப்புக்குச் சாகும் தாய்மார் இந்தியா முழுவதுக்கும் 97, தமிழ்நாட்டில் 54. ஐம்பத்துநான்கும் அதிகம்தான். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் அறுவை செய்து எடுத்த பேறு 44.9 சதவீதம், அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரிடத்தில் 63.8. பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேலே போக நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985-லேயே சொல்லிவிட்டது. வயிற்றைக் கிழித்துக் கடனாளியாக்கி அனுப்புகிறார்களே என்று ஒரு தொழிலாளி கொதித்தால், அந்தக் கொதிப்பிலே நியாயம் இருக்கிறது. வீட்டுப் பேறு பேசுகிறவர்கள் அந்தக் கொதிப்பைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அதற்கு மருந்து வீட்டு மூலை அல்ல. படித்த மருத்துவச்சிதான் மருந்து. பொறுத்திருந்து இயற்கையாகப் பேறு பார்க்கவும், ஆபத்து கண்டவுடன் அனுப்பவும் தெரிந்தவள். 2018 டிசம்பரில் இந்திய அரசே இதற்கு வழிமுறை வெளியிட்டது. நர்சுகளுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நள்ளிரவிலே பேறு பார்க்கிற நர்சுகளை அந்தப் பயிற்சிக்கு அனுப்பு, எண்ணிக்கையைக் கூட்டு, நிரந்தர வேலை கொடு என்று கேட்பதுதான் நம் வேலை. ஆடி மாதச் சாரலிலே, அச்சன்புதூரிலே ஒரு பெண்ணுக்கு இரத்தம் கொட்டத் தொடங்கினால், 108 வண்டி வந்து தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கும் வரை அவள் வயிற்றைப் பிடித்துவிட்டு மருந்து ஏற்றத் தெரிந்த ஒரு கை பக்கத்திலே வேண்டாமா? பெற்றுக்கொள்கிறவள் யாரோ, அவளைக் கேட்டு முடிவு செய்யவும் வேண்டாமா?

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்காலத்தைக் கோடைக்கானலிலே கழித்து, 1960 மே மாதம், தம் 89-வது வயதில் அங்கேயே மறைந்தார். ஆண் டாக்டரைக் கணவன்மார் வாசலோடு திருப்பியனுப்பியதாலே பெண்களுக்கென்று தோன்றிய அந்தக் கல்லூரியிலே 1947 முதல் ஆண்களும் சேர்ந்து படிக்கிறார்கள்.